அழாதவளுக்குப் போட்ட பொன்னாடை

அது என்ன புஸ்தகம் தாயி? அட்டையில ஒருத்தன் மலை உச்சியில ஏறி கைய விரிச்சிக்கிட்டு நிக்கானே. மனச இரும்பாக்குறது எப்படின்னா? நல்லாருக்கு. தென்காசியில ஏறினதுல இருந்து பாக்கேன், நீங்களும் பக்கம் பக்கமாத் திருப்பிக்கிட்டுத்தான் வாறிய. இரும்பாயிட்டா?

கோவிச்சுக்கிடாதிய. உங்களச் சொல்லல. எழுதினவனச் சொல்லுதேன். மலை உச்சியில கைய விரிக்கதுக்கு என்ன தைரியம் வேணும்? அங்கன காத்துதான் இருக்கும். வீட்டுக்குள்ள நின்னு பாக்கச் சொல்லுங்க அவன.

மன உறுதின்னா என்னன்னு எங்கிட்டக் கேளுங்க. எனக்கு அதுக்கு மேடையில ஏத்தி, பேரு சொல்லிக் கூப்பிட்டு, பொன்னாடை போத்தியிருக்காவ. சும்மா சொல்லல. அம்பாசமுத்திரத்துல வந்து சண்முகவடிவு வீடு எதுன்னு யார்ட்ட வேணும்னாலும் கேளுங்க. அந்த அழாத அம்மாவான்னு கேட்டுட்டுத்தான் வழி காட்டுவாவ.

ஆமா, நான் அழ மாட்டேன். சின்னப்புள்ளையில இருந்தே அப்படித்தான். எங்க வீட்டு அவிய செத்த அன்னைக்கு வந்தவள்லாம் எம்மூஞ்சியத்தான் பாக்காளுவ, எப்ப இவ ஒப்பாரி வைப்பான்னு. நான் பந்தக்காரனக் கூப்பிட்டு, வெயிலு மேக்க திரும்பப் போவுது, அந்தப் பக்கம் ஒரு தட்டி சேத்துக் கட்டுன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன். ஒருத்தி மூக்குல வெரல வச்சா. வச்சிட்டுப் போவட்டும். அழுதா செத்தவிய எந்திரிச்சி வந்துருவாவளா?

எனக்கு ஒத்த மவன். நயினாரு. மைக் செட்டு வச்சிருக்கான். கோயில் கொடைத் திருவிழா, கல்யாணம், கட்சிக் கூட்டம், எங்க சுத்துப்பட்டுல எதுன்னாலும் அவந்தான். குழாய் ஸ்பீக்கர் கட்டுறது, சீரியல் லைட்டு போடுறது, கம்பத்து உச்சியில அம்மன் படத்த லைட்டுலேயே எரிய வைக்கது, எல்லாம் செய்வான். போன ஆடியில ஒரு கொடைக்கு லைட்டு கட்டும்போது கம்பத்துல இருந்து விழுந்துட்டான். கீழ கல்லு கிடந்திருக்கு. முதுகு நேரா அதுல அடிச்சிட்டு. உசுரு இருக்கு. இடுப்புக்குக் கீழ ஒண்ணும் இல்ல. கிள்ளினாத் தெரியாது, சுட்டாத் தெரியாது. திருநெல்வேலியில பெரிய ஆஸ்பத்திரியில வச்சிப் பாத்துட்டு, இனிம வீட்டுல வச்சித்தான் பாத்துக்கிடணும்னு அனுப்பிட்டாவ.

டாக்டரு அதச் சொல்லும்போது என்னைய உக்காரச் சொன்னாரு. எதுக்கு உக்காரணும்? நின்னுக்கிட்டே கேட்டேன். எம்மருமவ சுகந்தி சுவத்தப் பிடிச்சிக்கிட்டா. நான் எதையும் பிடிக்கல. ஆம்புலன்சுக்கு எந்தப் பக்கம் வழின்னு கேட்டேன். அந்த டாக்டரு என்னைய ஒரு மாதிரிப் பாத்தாரு. இப்படி ஒரு பொம்பளைய அவரு பாத்திருக்க மாட்டாரு.

வீட்டுக்கு வந்ததும் ஆரம்பிச்சிட்டு. துக்கம் கேக்க வாரதுன்னா நம்ம ஆளுவளுக்குத் திருவிழாதான? கையில ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலு, கொஞ்சம் ஆரஞ்சுப்பழம். வாசல்ல செருப்ப விடும்போதே மூஞ்சிய மாத்திக்கிடுவாளுவ. உள்ள வந்து உக்காந்ததும் கழுத்த நீட்டி நீட்டி அந்த ரூமத்தான் பாக்காளுவ. காட்சிப் பொருளா அவன்? நான் முன்னறையில ரூம் வாசல மறிச்சாப்ல நாற்காலியப் போட்டு உக்காந்துக்கிடுவேன். காலையில குளிச்சி, தலைசீவி, வெளுத்த சேலையக் கட்டி உக்காந்தா, பொழுது அடையது வரைக்கும் எந்திரிக்க மாட்டேன். அவன் எப்படி இருக்கான்னு கேட்டா, நல்லா இருக்கான், திடமா இருக்கான், சீக்கிரம் எந்திரிப்பான். அம்புட்டுத்தான். ஒரே பதிலு. குரல் இம்மி நடுங்காது. அழுவ ரெடியா வந்தவள்லாம் வந்த மூஞ்சியோடவே திரும்பிப் போவாளுவ.

அந்த ரூமுக்குள்ள நான் அவ்வளவா போறதில்ல. போவக்கூடாதுன்னு ஒண்ணும் இல்ல. வாசப்பக்கம் ஒரு ஆளு வேணும்லா? வாரவளுவள யாரு பாக்கது?

சுகந்திதான் அவனப் பாத்தா. சாறு கொடுக்கது, தொடச்சி விடுதது, மூத்திரப் பைய மாத்துதது எல்லாம். பொண்டாட்டிதான, செய்யட்டும். கொஞ்ச நாள் போனதும் திடீர்னு ஒரு நாள் சொல்லுதா, மைக் செட்டு சும்மா கெடக்கு, பேசி வச்ச கொடை நிக்கி, வேலைக்கு நிக்குத பையனுவள நம்பி விட முடியல, நானே போறேன் அத்தைன்னு. கேட்டியளா? நம்ம வீட்டுப் பொண்ணு குழாய் கட்டப் போவுதாம். போகவும் செஞ்சா. சுடிதாருக்கு மேல அவன் சட்டைய மாட்டிக்கிட்டு, லோடு ஆட்டோவுல முன்னால ஏறி உக்காந்து போறா. ஏணியில ஏறுதா தாயி. புருஷன் எதுல இருந்து விழுந்தானோ, அதே மாதிரிக் கம்பத்துல ஏறுதா. இதுக்குப் பேரு தைரியமா? திமிரு.

நீ போயிட்டா இவன யாரு பாக்கதுன்னு கேட்டேன். அவ என்னையே பாத்துக்கிட்டு நின்னா. எனக்கு வாசப்பக்கம் சோலி இருக்குல்லான்னு சொன்னேன். அவ உடனே போன எடுத்து அவ அம்மையக் கூப்பிட்டா.

அங்கதான் தாயி எனக்குப் பிடிச்சிது சனி.

சுகந்திக்கு அம்மை பேரு உலகம்மா. சுரண்டைக்குப் பக்கத்துல ஒரு கிராமம். அவ புருஷன் போயி ரொம்ப வருசமாச்சு, ஒத்தையில கெடந்தவ. கூப்பிட்ட மறுநாளே ஒரு கட்டப்பைய எடுத்துக்கிட்டு வந்து எறங்கிட்டா. எறங்கும்போதே அழுதுக்கிட்டுத்தான் எறங்கினா. பஸ் ஸ்டாண்டுல இருந்து எங்க தெரு வரைக்கும் அழுதுக்கிட்டே நடந்து வந்திருக்கா, தெருவே வேடிக்கை பாத்திருக்கு. ஆளு என்னைய விடச் சின்ன உருவம். என் தோளுக்குத்தான் இருப்பா. இவ்வளவு தண்ணி எங்கன வச்சிருக்கான்னு தெரியல.

எதுக்குத்தான் அழலன்னு கேளுங்க. அவனப் பாத்து அழுதா. அவன் காலப் பிடிச்சி அழுதா. சரி, அது ஒரு கணக்கு. கஞ்சி ஆத்தும்போது அழுவா. டிவியில யாரோ யாரையோ அடிச்சா அழுவா. எங்க தெருவுல ஒரு நொண்டி நாயி உண்டு, அதப் பாத்து ஒரு நாள் அழுதா. மூக்கச் சிந்திச் சிந்தி அவ முந்தானை எப்பவும் ஈரம். அவ அழுததப் பாத்தா எனக்குக் கை கால்லாம் எரியும். சம்பந்திய நாங்க மைனின்னுதான் கூப்பிட்டுக்கிடுவோம். மைனி, இது அழுவுத வீடு இல்ல, நிப்பாட்டுங்கன்னு மூஞ்சிக்கு நேராச் சொன்னேன். சரி மைனின்னா. சொல்லிட்டு அதுக்கு ஒரு அழுவை.

ஆனா ஒண்ணு. இருக்கதச் சொல்லணும்லா. அழுதுக்கிட்டே வேலையச் செய்வா. கெடந்த மேனிக்கே கெடந்தா முதுகுல புண்ணு வந்துரும், அப்பப்ப ஒருக்களிச்சிப் படுக்க வைக்கணும்னு ஆஸ்பத்திரியில சொல்லியிருந்தாவ. நயினாரு வாட்டசாட்டமான ஆளு. இவ இத்துனூண்டு. எப்படிப் புரட்டுவாளோ தெரியாது. உள்ள இருந்து முதல்ல மூக்குறிஞ்சுத சத்தம் கேக்கும், பொறவு கட்டிலு கிரீச்சுங்கும், பொறவு ரெண்டு பேரும் ஏதோ பேசிச் சிரிக்கது கேக்கும். அழுதுட்டு உடனே எப்படித் தாயி சிரிக்க முடியும்? மனசுல ஒரு பிடிமானம் கெடயாது அவளுக்கு. காத்தடிச்ச பக்கம் சாயுத ஆளு.

நான் சோத்தத் தட்டுல போட்டு ரூம் வாசல் நெலையில நின்னு நீட்டுவேன். அவ வந்து வாங்கிக்கிடுவா. உள்ள வாங்களேன் மைனி, மருமவன்ட்ட ரெண்டு வார்த்தை பேசுங்களேன்னு தினமும் சொல்லுவா. வாசல்ல ஆளு இருக்குன்னு சொல்லிட்டு நான் வந்துருவேன். நாளாக ஆக ஆளு வரத்து கொறைஞ்சிட்டுதான். அதுக்காவ வாசலத் திறந்து போட்டுட்டு உள்ள போயி உக்கார முடியுமா?

இப்படியே ஆறேழு மாசம் ஓடிட்டு. அப்பதான் அந்த விழா வந்துது.

எங்க ஊர்ல கடைக்காரங்க நாலு பேரு சேந்து ஒரு சங்கம் நடத்துதாவ. மகளிர் தினத்துக்கு மன உறுதியுள்ள பெண்மணின்னு ஒருத்தரப் பிடிச்சி மரியாதை செய்வாவ. அந்தச் சங்கத் தலைவரு நயினாரப் பாக்க வந்தப்ப எம்பதிலக் கேட்டு அசந்து போயிட்டாராம். அம்மா, உங்களத் தவிர இந்த ஊர்ல வேற ஆளு இல்லன்னுட்டாரு. அவுகளப் பத்தியும் எனக்குத் தெரியும். பேப்பர்ல போட்டோ வரணும், அதுக்கு ஒரு பொம்பளை வேணும். ஆனாலும் குடுக்கத வேண்டாம்னு சொன்னா அவுக மனசு நோவும்லா. சரின்னுட்டேன்.

விழா எங்க தெரு முக்குல உள்ள கல்யாண மண்டபத்துல. மைக் செட்டு யாருங்கிய? சுகந்திதான். வேற ஆளு கெடைக்கலயா இவனுவளுக்கு? உள்ள பாக்ஸு, வெளிய நிக்குத கூட்டத்துக்குக் கேக்கட்டும்னு வேப்ப மரத்துல ஒரு குழாய். அந்தக் குழாய எங்க தெருவப் பாத்து திருப்பிக் கட்டியிருக்கா. அது எனக்குப் பொறவுதான் தெரியும்.

மேடையில என்னக் கூப்பிட்டாவ. பொன்னாடை போத்தினாவ. கேடயம் ஒண்ணு குடுத்தாவ. தலைவரு பேசினாரு, இரும்பு மனுஷி, பாறை, அது இதுன்னு. பொறவு என்னைய ரெண்டு வார்த்தை பேசச் சொன்னாவ. மைக்கு எனக்கு எட்டல. சுகந்தி மேடைக்கு ஏறி வந்து, எம்பக்கத்துல நின்னு, மைக்க என் உயரத்துக்கு இறக்கி வச்சிட்டு, ஒரு தட்டுத் தட்டிப் பாத்துட்டு இறங்கிப் போனா. எம்மூஞ்சிய நிமிந்து பாக்கல.

நான் பேசினேன் தாயி. என்ன பேச்சு! அவிய செத்தப்ப அழாததச் சொன்னேன். டாக்டரு முன்னால நின்னதச் சொன்னேன். கைதட்டுனாவ. கைதட்டு வந்தா வாயி தானா வருமுல்லா? சொன்னேன்: எங்க வீட்டுல ஒருத்தி இருக்கா, எங்க வீட்டுக்கு மோட்டாரே போட வேண்டாம், அவ கண்ணத் திறந்தாப் போதும், தொட்டி நிறைஞ்சிரும். மண்டபமே சிரிச்சிது. இன்னும் சொன்னேன்: இந்த மாதிரி ஆளுவ கூட இருந்தா சீக்காளி எப்படி எந்திரிப்பான், பாத்துக்கிடுதவ அழுதா படுத்தவன் என்ன நெனைப்பான், நான்தான் அந்த வீட்டத் தாங்கிக்கிட்டு இருக்கேன்னு. அதுக்கு இன்னும் பெருசாக் கைதட்டுனாவ.

சுகந்தி ஓரத்துல ஆம்ப்ளிஃபயர் பக்கத்துல நின்னா. கை குமிழ் மேல இருந்துது. அதக் கொஞ்சம் திருகியிருந்தா என் சத்தம் நின்னிருக்கும். திருகல. அது எனக்கு ஆச்சரியமாத்தான் இருந்துது. விழா முடிஞ்சி வயரச் சுருட்டிக்கிட்டு இருந்தவள்ட்ட, ஏட்டி, கோவமான்னு கேட்டேன். அவ சுருட்டுதத நிப்பாட்டாமச் சொன்னா:

"மைக்கு பேசுறவங்களுக்குத்தான் அத்தை. யாரு என்ன பேசுறாங்கன்னு பாத்து நான் சத்தத்தக் கூட்டிக் கொறைச்சா, நாளைக்கு யாரும் நம்மளக் கூப்பிட மாட்டாங்க."

பாத்தியளா, எவ்வளவு கல்லு மனசு! பெத்தவளச் சொன்னாக்கூட தொழிலு தொழிலுன்னு நிக்கா.

வீட்டுக்கு வந்தா உலகம்மா பைய எடுத்து வச்சிருக்கா. ஊர்ல கொஞ்சம் சோலி இருக்கு, காலையில போயிட்டு வாரேன்னா. சண்டை போடல. ஏன் பேசினியன்னு கேக்கல. நானும் எதுவும் கேக்கல. காலையில அவனுக்குக் கஞ்சி குடுத்து, தொடச்சி, பவுடர் போட்டு, துணி மாத்தி, எல்லாம் செஞ்சிட்டு, போயிட்டு வாரேன் சம்பந்தியம்மான்னு எங்கிட்டச் சொல்லிட்டு இறங்கிட்டா. ஒரு சொட்டு அழல தாயி. அவ்வளவு மாசம் அழுதவ, போம்போது ஒரு சொட்டு விடல. அப்ப அதுவரைக்கும் அழுததெல்லாம் நடிப்புத்தான? நான் அப்பவே சொன்னேன் சுகந்திட்ட. அவ எந்திரிச்சி உள்ள போயிட்டா.

ரெண்டு மூணு நாளு சுகந்தி வீட்டோட இருந்து பாத்தா. பொறவு ஒரு கொடை. முந்தியே ஒத்துக்கிட்டது, போயே ஆவணும். சாயங்காலம் வந்துருவேன் அத்தை, மத்தியானம் ஒரு தடவை மட்டும் அவியளப் புரட்டி விடணும், பக்கத்து வீட்டு அக்கா வருவாவன்னு சொல்லிட்டுப் போனா. பக்கத்து வீட்டுக்காரி ஏதோ கல்யாணம்னு பூட்டிட்டுப் போயிட்டா. இப்படித்தான் இருக்கு சனங்க.

மத்தியானம் அவன் உள்ள இருந்து கூப்பிட்டான். எம்மா, எம்மான்னு. ஆளு வரட்டும்ல, பொறுன்னேன். யாரு வருவான்னு கேட்டான். முன்னறையில யாரும் இல்ல. அன்னைக்குன்னு பாத்து ஒருத்தியும் துக்கம் கேக்க வரல.

நெலையில போயி நின்னேன். முதுகு எரியுதும்மான்னான். கீழ தெரியாது அவனுக்கு, மேல தெரியுமுல்லா. உள்ள போனேன். போவாம என்ன? நான் என்ன பயந்தவளா?

போர்வைய எடுத்தேன். கால் தாயி... சரி, அத விடுங்க.

பஸ்ஸு எங்க நிக்கி? கடையமா? முறுக்கா? எனக்கு வேண்டாம், நீங்க வாங்கிச் சாப்பிடுங்க.

எங்கன விட்டேன்? ஆங். புரட்டணும். எந்தப் பக்கம் பிடிக்கதுன்னு தெரியல. கைய நீட்டுதேன், திரும்ப எடுக்கேன். எனக்குச் சுகர் உண்டு, நேரத்துக்குச் சாப்பிடலன்னா தடுமாறும். அவன் என் கையவே பாத்துக்கிட்டு இருந்தான். பொறவு மெதுவாச் சொன்னான்:

"அத்தை மொதல்ல அழுவாவ. அழுது முடிச்சிட்டு இந்தக் கைய என் தோளுல வைப்பாவ, அந்தக் கைய இடுப்புல வைப்பாவ. நீ அழாண்டாம்மா. கைய மட்டும் வை."

வச்சேன். ரெண்டு கையையும் சேத்து ஒரு தள்ளு தள்ளினேன். புரண்டுட்டான். ஆனா அந்தாப்ல சுவத்தப் பாத்துப் புரண்டுட்டான். ஜன்னலப் பாத்து இருக்க வேண்டியவன் சுவத்தப் பாத்துக் கெடக்கான். திருப்பிப் போட எனக்குத் தெம்பு இல்ல. பரவால்லம்மா, இப்படியே இருக்கட்டும்னான். நான் அவன் முதுகுக்குப் பின்னால கட்டிலு ஓரத்துல உக்காந்தேன். எந்திரிச்சி வாசலுக்கு வரணும்னுதான் நெனைச்சேன். கை அதுபாட்டுக்கு அவன் முதுகத் தடவ ஆரம்பிச்சிட்டு.

சுவத்தப் பாத்துக்கிட்டே அவன் பேச ஆரம்பிச்சான். விழுந்த கதையச் சொன்னான். வயரு கையில வழுக்கினது, விழும்போது கீழ நின்ன கூட்டம் வாயத் திறந்தது, கல்லுல பட்ட உடனே காலு ரெண்டும் யாரோடதோ மாதிரிக் கெடந்தது. எனக்கு அது எதுவுமே தெரியாது. எல்லாத்தையும் உலகம்மாட்டச் சொல்லியிருக்கான். நான் முதுகத் தடவிக்கிட்டே கேட்டேன். இப்படி மூஞ்சியப் பாக்காமப் பேசுததுதான் உனக்குச் சௌரியமா இருக்கு என்னம்மான்னு கேட்டான். என்ன கேள்வி பாருங்க. எனக்கென்ன சௌரியம்?

பொறவுதான் விழாவப் பத்திச் சொன்னான். குழாய்ல ஒரு வார்த்தை விடாமக் கேட்டிருக்கு ரெண்டு பேருக்கும். நான் பேச ஆரம்பிச்சதும் உலகம்மா அவன் காலத் தேய்ச்சி விடுதத நிப்பாட்டிட்டு, கண்ணுல தண்ணி வடிய, மைனி எப்படிப் பேசுதாவ பாருங்க, குரல் நடுங்காமப் பேசுதாவல்லான்னு சந்தோசமாச் சொல்லியிருக்கா. கோட்டிக்காரி, கிறுக்கு. அவளத் திட்டப் போற பேச்சுக்கு அவளே கைதட்டியிருக்கா.

"பொறவு நீ அந்த மோட்டார் விஷயத்தச் சொன்ன. சனங்க சிரிச்சிது. அத்தை சேலையால கண்ணத் தொடச்சிட்டு, திரும்ப என் காலத் தேய்க்க ஆரம்பிச்சாவ. அழல. அன்னைக்கு முழுக்க அழல. அவிய அழாம இருந்து நான் பாத்ததே இல்ல. அதான் எனக்குப் பயமாப் போச்சும்மா."

அத அவன் சுவத்தப் பாத்துத்தான் சொன்னான். கோவமாச் சொல்லல. கோவமாச் சொல்லியிருந்தா நான் திருப்பி ரெண்டு கேட்டிருப்பேன்.

அதுக்குப் பொறவு சோறு எறங்கல எனக்கு. பித்தம்னு நெனைக்கேன். நாளு முழுக்க வாயெல்லாம் கசப்பு. கசாயம் வச்சிக் குடிச்சேன், கேக்கல. முன்னறையில உக்காந்தா அந்தப் பொன்னாடை ஷோகேஸ்ல இருந்து என்னையே பாத்துக்கிட்டு இருக்கு. மடிச்சிப் பீரோவுல போட்டேன். அப்பவும் கேக்கல.

சுகந்திக்குச் சோலி இல்லாத நாளாப் பாத்து, இன்னைக்குக் காலையிலேயே கெளம்பிட்டேன். எங்க அத்தைன்னு கேட்டா. சும்மா ஒரு எட்டுன்னேன். அதுக்கு மேல கேக்கல. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். மன்னிப்புக் கேக்கப் போறேன்னு நெனைச்சிருப்பா. நான் எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்? பொய்யா சொன்னேன்? அவ அழுவுதது ஊருக்கே தெரியும்.

உலகம்மா வீட்டுல போயி நின்னேன். களத்துல மொளகாய காயப் போட்டுக்கிட்டு இருந்தா. பாத்ததும் எந்திரிச்சி, வாங்க சம்பந்தியம்மான்னா. எப்பவும் மைனின்னு கூப்பிடுதவ. உள்ள கூட்டிட்டுப் போயி பாயி விரிச்சா. காப்பி போட்டுக் குடுத்தா. பிஸ்கட்டு வச்சா. எல்லாம் முறையாச் செஞ்சா. கண்ணு காஞ்சி கெடக்கு. சிரிப்பும் இல்ல, அழுவையும் இல்ல. எனக்கு அந்த வீட்டுல இருக்க முடியல தாயி. யாரோ வேத்தாளு வீட்டுக்கு வந்த மாதிரி இருந்துது. வெயிலப் பத்திப் பேசினோம். பஸ்ஸு கூட்டமான்னு கேட்டா. கூட்டம்னேன்.

பொறவு அவ, மருமவன் எப்படி இருக்காவன்னு கேட்டா.

நானும் எப்பவும் சொல்லுததத்தான் சொல்ல வாயெடுத்தேன். நல்லா இருக்கான், திடமா இருக்கான்னு ஆரம்பிச்சேன். நடுவுல எப்படி மாறிச்சின்னு தெரியல. வாயில வந்துட்டு: "அவன் கால் ரெண்டும் குச்சியா ஆயிட்டு மைனி. இத்தனை மாசமா நான் பாக்கவே இல்ல மைனி."

சொல்லிட்டு எனக்கே திக்குன்னு ஆயிட்டு. இத எதுக்கு இவள்ட்டச் சொன்னேன்? எந்திரிச்சி வந்துருவமான்னு பாத்தேன்.

அவ என்ன செஞ்சாங்கிய? எம்பக்கத்துல நவுந்து வந்து உக்காந்து, என் கையப் பிடிச்சிக்கிட்டு, ஓன்னு ஆரம்பிச்சா பாருங்க! தெருவே எட்டிப் பாத்திருக்கும். வாய விட்டு அழுதா. மூக்க எஞ்சேலையிலதான் தொடச்சா. துவைச்சுக் கட்டின சேலை தாயி, இந்தா பாருங்க, இன்னும் கறை. நான் அழல. எனக்கும் சேத்து அவ அழுதுக்கிட்டு இருக்கும்போது நான் எதுக்குத் தனியா அழணும்? சும்மா உக்காந்திருந்தேன். அவ அழ அழ, எனக்கு நெஞ்சுல இருந்து ஏதோ ஒண்ணு எறங்கின மாதிரி இருந்துது. பொறவு பாத்தா, பசிக்கி. நல்லாப் பசிக்கி. மைனி, சோறு இருக்கான்னு கேட்டேன். அழுதுக்கிட்டே எந்திரிச்சிப் போயி போட்டுக் குடுத்தா. சுண்டவத்தக் கொழம்பு. ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

வான்னு நான் கூப்பிடல. அது எனக்கு வரல. கை கழுவிட்டு, பஸ்ஸு எத்தனை மணிக்குன்னு மட்டும் கேட்டேன். அவ போயி கட்டப்பைய எடுத்துட்டு வந்துட்டா. இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்திருக்கா, மானம் ரோசம் கெடயாது அவளுக்கு. இருந்தா இப்படி வருவாளா? நானா இருந்தா வருவனா?

இப்ப அவ எங்கயா? அந்தா, டிரைவருக்குப் பின்னால, ஜன்னலோரம் பச்சைச் சேலை தெரியுதா, அவதான். தென்காசியில கூட்டத்துல சேந்தாப்ல சீட்டு கெடைக்கல. அதுவும் நல்லதுதான். பக்கத்துல உக்காந்தா பாபநாசம் மலையப் பாத்து அதுக்கும் ஒரு பாட்டம் அழுவா.

நல்ல பொம்பளையா இருக்காளே, பக்கத்துல போயி உக்காருங்கன்னு நீங்க சொல்லாதிய. எல்லாரும் அதத்தான் சொல்லுவாவ. கூட இருந்து பாத்தாத் தெரியும். இனிம வீட்டுல போயி என்ன நடக்கும்னு எனக்குத் தெரியாதா? அவ அழுவா, நான் வைவேன். அவ ஒரு பக்கம் பிடிப்பா, ஒரு பக்கம் என்னப் பிடிக்கச் சொல்லுவா. ரெண்டு பேரு பிடிச்சா அவனுக்கு வலிக்காதாம். வரும்போதே சொல்லிட்டா. பெரிய டாக்டரு இவ.

ஆழ்வார்குறிச்சி தாண்டிட்டா? அவ பக்கத்துல இருந்த ஆளு இறங்கிட்டான் பாருங்க. சவம், வாயத் திறந்து தூங்குதா. அழுத அழுவைக்கு அசதி. தலை கம்பியில போயி முட்டுது, அதுகூடத் தெரியல.

செத்த கால நவுத்துங்க தாயி, நான் முன்னால போறேன். நெத்தி வீங்கிப் போயி நயினாரு முன்னால இவ நின்னான்னு வைங்க, அதுக்கும் நாந்தான் காரணம்பாவ.